மெக்கானிக்கின் வலது காது

மெக்கானிக்குக்கு வலது காதுதான் சொத்து. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் வைப்பார், பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். இடது காதைத் தொழிலுக்கு எடுப்பதில்லை. அது வீட்டுப் பேச்சுக்கு. பாதி கேட்டால் போதும்.

அன்று பள்ளி வேன் ஓட்டுநர், வண்டியில் ஏதோ கடகடவென்று சத்தம் என்று வந்தார். மெக்கானிக் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள தொம் தொம்னு அடிக்குதுப்பா. இன்ஜின் போச்சு. பழைய இரும்புக்குத்தான் ஆகும்."

அந்த வேனை நம்பித்தான் ஓட்டுநர் வீட்டில் அடுப்பெரிகிறது. வாரக் கடைசியில் விற்றுத் தள்ளிவிடுகிறேன் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

வீட்டில் மெக்கானிக் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு மூக்கில் வேர்த்தது.

"வாஷிங் மிஷின்ல ஏதோ சத்தம் வருதுங்க. பாருங்களேன்."

ஸ்குரூடிரைவர் வந்தது. அவர் கண்ணை மூடியதும் அவள் சத்தமில்லாமல் சுவிட்சை அணைத்தாள்.

"இதுவும் தொம் தொம்னு அடிக்குது. இதுவும் போச்சு!"

கண்ணைத் திறந்தால், மிஷின் சும்மா நிற்கிறது.

"அடிக்கிறது உங்க நாடிங்க. காது அடைச்சிருக்கு. தினமும் பட்ஸ் விட்டுக் குடைஞ்சு அழுக்கை உள்ள தள்ளியிருக்கீங்க."

"ஐயோ, அந்த வேன்!" மெக்கானிக் துள்ளி எழுந்தார். "பட்டறைக்குப் போய் கம்ப்ரஸர்ல ஒரு ஊது ஊதிக்கறேன்."

"ஊதுங்க. செவிப்பறையும் சேர்ந்து பறக்கட்டும்."

வலி, சீழ், எப்போதாவது செவிப்பறையில் ஓட்டை? ஒன்றும் இல்லை என்று அவர் சத்தியம் செய்த பிறகுதான் அவள் சொட்டு மருந்தை எடுத்தாள். காலையும் மாலையும் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், மருந்து ஊற வேண்டும், அதுவரை கை வைக்கக் கூடாது. துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருக்கிற மனிதருக்குத் தன் காதுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. யாரும் பார்க்காதபோது குழாய்த் தண்ணீரைச் சில்லென்று காதில் அடித்தார். குளியலறை கிறுகிறுவென்று சுற்றியது.

"சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்துவீங்களா?" என்றாள் அவரைப் பிடித்துக்கொண்டே.

"ஊத்தினா இன்ஜின் ஹெட் வெடிச்சிடும்."

"இதுவும் ஹெட்டுதான்."

வாரக் கடைசியில், அழுக்கு மருந்தில் நன்றாக ஊறிய பிறகு, கைக்கு இதமான வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, ரப்பர் குமிழால் மெல்ல மெல்லப் பீய்ச்சினாள். கிண்ணத்தில் பழுப்பாக ஒரு கட்டி விழுந்தது. குழாய் சொட்டுவதும் பக்கத்து வீட்டு விசிறி கிரீச்சிடுவதும் ஒன்றாக வந்து காதில் மோதின. மெக்கானிக் ஈரத் தலையோடு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் வீட்டுக்கு ஓடினார்.

அங்கே பழைய இரும்புக்காரர் வேனைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டார்ட் பண்ணுப்பா!" என்று கத்திக்கொண்டே ஸ்குரூடிரைவரை வைத்தார் மெக்கானிக். தொம் தொம் இல்லை. சைலன்சர் பக்கத்தில் ஒரு தகடுதான் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. போல்ட்டை முறுக்கினார், சத்தம் நின்றது.

"வண்டில ஒன்னும் இல்லப்பா. என் காதுதான் அடைச்சிருந்தது. உன்னைக் கலங்க வச்சிட்டேன், மன்னிச்சுக்கோ."

திட்டு விழும் என்று குனிந்து நின்றார். ஓட்டுநர் கிசுகிசுப்பது போலத்தான் கேட்டார்.

"அப்போ நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்திக்கலாமாண்ணே?"

இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மெக்கானிக்குக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"ஏத்திக்கப்பா."