படத்துக்கு ஒரு சைக்கிள்

"படம் எடுத்து முடிச்சப்புறமும் இந்த சைக்கிள் எங்கிட்டயே இருக்கணும் தலைவரே. சரின்னா சொல்லுங்க, பாகங்களை மாட்டுறேன்."

முரெகாதெதே இப்படிக் கேட்டதும் ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் நின்றது. முசான்சே சைக்கிள் கழகத்தில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். டயர் கேட்கலாம், லீவு கேட்கலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது. போன வருஷம் நியிரமானா என்ற பெண் கேட்டாள். அடுத்த பந்தயத்தில் அவள் பெயரே இல்லை. இப்போது சந்தையில் கேரட் விற்கிறாள். "போட்டதைத் தின்னுட்டு வா, சட்டியை எட்டிப் பார்க்காதே" என்று முரெகாதெதேயின் அம்மாவும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கழகத்தின் வழக்கம் அப்படி. பெல்ஜியத்திலிருந்து நன்கொடைக்காரர்கள் வரும் நாளில் ஒரு பெண்ணுக்கு, ஒரே ஒரு பெண்ணுக்கு, நல்ல பாகங்களாகப் பொறுக்கி ஒரு சைக்கிள் தயாராகும். அவள் அதில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரிப்பாள். அவர்கள் கார் ஷெட்டை விட்டுப் போனதும் சைக்கிளைப் பிரித்து ஆண்களுக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். வாடகைக்கு எடுத்த கல்யாண உடுப்பு மாதிரிதான், விருந்து முடிந்தால் கழற்ற வேண்டும்.

தலைவர் கயிரங்கா கோபப்படவில்லை. தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை தேசிய அணித் தேர்வு. அதுக்குத்தானே அடிபோடுற? சரிம்மா பட்டதாரி, உனக்கே. போதுமா? நாளைக்கு வர்றவங்க முன்னாடி மட்டும் மூஞ்சியைத் தொங்கப்போடாதே."

மெக்கானிக் கரேகேசி தலையைத் தூக்கவே இல்லை. அது அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று வருடமாக அவள் ஓட்டுவது ஆறடி ஆணுக்கு அடித்த சைக்கிள் சட்டம். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் ஹேண்டில் எட்டாது. பரணில் இருக்கும் பானையை எட்டுவது போல முதுகை இழுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டும் நீளம். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மார்புவரை வந்து போகும். பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் எல்லாம் சின்னவை. சமதரையில் பறக்கலாம், கினிகி ஏற்றத்தில் எருமையை இழுக்கிற கதைதான். அப்பா வாழ்நாள் முழுக்க உருளைக்கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளித்தான் அவளை எஞ்சினியரிங் படிக்க வைத்தார். படித்த பிறகும் அவளுக்கு முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

அன்று அவளே பாகங்களைப் பொறுக்கினாள். சின்ன சட்டம். அவள் தொடை நீளத்துக்குக் குட்டைக் கிராங்க். ஹேண்டிலைத் தாங்கும் கழுத்தையும் குட்டையாகவே எடுத்தாள். பின்னால் முப்பத்திநான்கு பல் வரை விரியும் பல்சக்கர அடுக்கு, ஏற்றத்தில் மிதி லேசாகும். அது மலை மலையாகச் சுமை ஏற்றிப் போகும் பயணச் சைக்கிளுக்கு உரியது. பந்தயக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அத்தனை பெரிய பல்லுக்குச் செயின் நீளமாக வேண்டும், அந்தச் செயினைத் தாங்க நீளக் கை வைத்த கியர் மாற்றி வேண்டும். மூன்றும் ஒரே வீட்டு ஆட்கள். ஒன்றைப் பிரித்தால் மற்ற இரண்டும் வேலைக்கு ஆகாது. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்தாள், இறங்கிச் சீட்டை அரை விரல் ஏற்றினாள், மறுபடி உட்கார்ந்தாள்.

மாலையில் கினிகி ரோட்டில் ஏறினாள். உருளைக்கிழங்கு வயல்கள் பின்னால் நழுவின. சபிஞ்யோ மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது. கால்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி சுற்றின. வழக்கமாக வலி தொடங்கும் சர்ச் வளைவு வந்தது, போனது. முட்டி மூச்சு விடவில்லை. வயலில் நின்ற ஒரு கிழவி, "ஏய், யார்கிட்டருந்து திருடிட்டு ஓடுற?" என்று கத்தினாள். முரெகாதெதே வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் படம் எடுத்தார்கள். வந்திருந்த நன்கொடைக்காரர்களில் லீஸ்பெத் என்ற அம்மாள் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இது உன்னுடையதுதானா? இங்கே பெண்களுக்கெல்லாம் இப்படித்தான் கிடைக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் நேராக அவளைக் கேட்டாள்.

கயிரங்கா பக்கத்திலேயே நின்றார். கழகத்தின் மற்ற ஐந்து பெண்களும் வாசலில் வரிசையாக நின்றார்கள், டயர் தேய்ந்த சைக்கிள்களைப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு.

"ஆமாம், என்னுடையதுதான்," என்றாள். "எல்லாருக்கும் கிடைக்கிறது."

சொன்ன வாய்க்குள் மண்ணைப் போட்டது போல இருந்தது. ஆனால் சைக்கிள் கைப்பிடி கைக்குள் இருந்தது. அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவள் ஷெட்டுக்கு வந்தபோது சின்ன சட்டம் கொக்கியில் தொங்கியது. ஹேண்டில் இல்லை. கிராங்க் இல்லை. கியர் மாற்றி மட்டும் நீளக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அநாதையாகக் கிடந்தது. முப்பத்திநான்கு பல் அடுக்கு ருகாம்பாவின் சைக்கிளில் ஏறியிருந்தது. ருகாம்பா கழகத்தின் நட்சத்திரம்.

"நான் கேக்கலக்கா," என்றான் ருகாம்பா, தரையைப் பார்த்து. "தலைவரே குடுத்துட்டாரு."

"குடுத்தா வாங்கிக்குவியா? கிராங்க் எங்கடா? உன் காலுக்கு அது பொம்மை மாதிரி இருக்குமே."

"அது பீரோல இருக்கு," என்றார் கரேகேசி மெல்ல. "அடுத்த தடவை படத்துக்கு வேணும்னு பூட்டச் சொல்லிட்டாரு."

அவள் கண் தானாகவே ருகாம்பாவின் பின்சக்கரத்துக்குப் போனது. பழைய செயின், கியர் மாற்றியில் பழைய குட்டைக் கை. அவள் அருகில் போய்ப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே செயினை மெதுவாகப் பெரிய பல்லுக்கு ஏற்றினாள். குட்டைக் கை முன்னால் இழுபட்டு விறைத்தது. செயின், இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி முறுக்கேறியது.

"நிறுத்து, நிறுத்து!" என்று கரேகேசி பதறினார்.

"ஏத்தத்துல இவன் முழு பலத்தோட மிதிச்சா இந்தக் கை பிய்ச்சிக்கிட்டுச் சக்கரத்துக்குள்ள போயிடும். ஆளு ரோட்டுல கிடப்பான். இருபத்தஞ்சு வருஷமா சைக்கிள் மாட்டுறீங்க, இது தெரியாதாண்ணே?"

"தெரியும்மா." கரேகேசி துணியில் கையைத் துடைத்தார். "பல்லை மட்டும் மாத்துன்னாரு. அதுக்கு மேல வாய் திறந்தா எனக்கு வேலை இருக்காது."

கயிரங்கா டீ டம்ளரோடு உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார் போல. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"நீங்க வாக்கு குடுத்தீங்க தலைவரே."

"குடுத்தேன். மெடல் கொண்டு வர்றது யாரு? பையனுங்க. மெடல் இல்லைன்னா அந்த வெள்ளைக்காரங்க எதுக்கு வரப்போறாங்க? உனக்குப் படிப்பு இருக்கு, எங்கயாவது ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காரலாம். இவனுக்குச் சைக்கிளை விட்டா என்ன இருக்கு?" ஒரு மிடறு குடித்தார். "ஆனா மூளைக்காரி, தப்பைக் கண்டுபிடிச்சிட்ட. சரி, அந்த நீளக் கையையும் கழட்டி இவனுக்கே மாட்டு. செயினையும் நீயே அளந்து போட்டுடு. உன்னை மாதிரி யாருக்கு வரும்?"

பாராட்டுத்தான். உண்மையாகவே பாராட்டினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முரெகாதெதே ருகாம்பாவிடம் திரும்பினாள். "பெரிய பல்லுக்குப் போகாதே. இவங்க யாரு என்ன சொன்னாலும் போகாதே. புரியுதா?" அவன் தலையாட்டினான்.

பிறகு கதவைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போற?"

"விருந்தினர் விடுதிக்கு. அந்த பெல்ஜியத்தம்மா இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க. நேத்து நான் சொன்னது பொய்னு சொல்லப் போறேன்."

கயிரங்காவின் டம்ளர் மேஜையில் விழுந்து உருண்டது. "உனக்குப் பைத்தியமா? அவங்க கையை விரிச்சா கழகமே மூடிடும்! அந்த அஞ்சு பொண்ணுங்களும் நாளையிலருந்து நடந்துதான் போகணும், தெரியுமில்ல?"

தெரியும். நீளக் கையைக் கழட்டு என்று அவர் சொன்ன அந்த நொடியில் அதையும் சேர்த்து எடைபோட்டு முடித்துவிட்டாள். அந்த ஐவரும் அவளைத் திட்டுவார்கள். நியாயமாகவே திட்டுவார்கள்.

"நாளைக்குத் தேர்வுப் பட்டியல்ல உன் பேரு இருக்காது!" என்று கயிரங்கா பின்னாலிருந்து கத்தினார்.

"பேரை அடிச்சிருங்க," என்றாள் திரும்பாமல். வெளியே தூறல் பிடித்திருந்தது. விடுதிப் பக்கம் போகும் சரிவில் வேகமாக இறங்கினாள்.