மோதிர விரல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் அண்ணன் குரல் தம்பியின் ஹெட்போனுக்குள் வந்துவிடும். அண்ணன் குடும்பத்தோடு வெளியூர் போன இந்த ஆறு வருஷமும் அப்படித்தான். இருவரும் ஒரே வீடியோ கேமில் இறங்கி, ஆளுக்கொரு வாளோடு மலைக்காடெல்லாம் சுற்றுவார்கள். ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் தம்பியின் வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோன பிறகு, நாலு மாதம் அதுவும் நின்றுபோனது.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் அவனுடைய வீரன் அப்படியே இருந்தான். பலம் தொண்ணூறு, வாள்வீச்சு தொண்ணூற்றைந்து. ஒரு புள்ளி குறையவில்லை. ஆனால் பூதம் கையை ஓங்கும்போது உருண்டு விலகுவதற்கான பட்டன் ஆள்காட்டி விரலுக்கானது. மோதிர விரலை வளைத்து அங்கே கொண்டுபோவதற்குள் அடி விழுந்துவிடும். பதினோரு முறை செத்தான்.

அடுத்த வாரமே அண்ணன் வேறொரு கேமைப் பிடித்து வந்தான். யாரை அடிப்பது என்று காட்டினால் போதும், மிச்சத்தை வீரனின் எண்களே பார்த்துக்கொள்ளும். மூன்று வாரத்தில் மூன்று கோட்டைகள் விழுந்தன.

“கலக்கிட்டடா!”

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேக்டரியிலும் இப்போது அவனை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் தினமும் எட்டிப் பார்த்து, “நீங்க சும்மா இருங்க, அதுவே போதும்” என்பார். அன்பாகத்தான் சொல்வார்.

“பழசுக்கே போவோம்ணே.”

“செத்துக்கிட்டே இருப்படா.”

“இருக்கட்டும். சாகுறதாவது நானா இருக்கேன்ல.”

அண்ணன் பழைய காட்டுக்கே வந்தான். பூதத்தின் குகை வாசலில் நின்றபோது, “ஒரு நிமிஷம்டா, உங்க அண்ணி கூப்பிடுறா” என்றான். அங்கே நாற்காலி நகர்ந்தது, யாரோ சிரித்தார்கள், கதவு சாத்தப்பட்டது.

ஒரு நிமிஷம் இருபது நிமிஷமானது. தம்பி தனியாகவே உள்ளே போனான். மூன்று முறை செத்தான். நான்காவது முறை கண்ட்ரோலரைத் தொடையில் சாய்த்து, மோதிர விரலை முன்கூட்டியே பட்டன்மேல் வைத்துக்கொண்டான். பூதம் கையை ஓங்கியது. வீரன் உருண்டான். அடி வெறும் தரையில் விழுந்து புழுதி எழும்பியது.

“ண்ணே, பாத்தியா?”

புழுதி அடங்கியபோது குகை வாசலில், இயக்க ஆளில்லாத அண்ணனின் வீரன் தெரிந்தான். முதுகைக் காட்டியபடி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி, மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நின்றிருந்தான்.