வியாழக்கிழமை எங்கே போகிறாய்?

லாரியிலிருந்து ஜெனரேட்டரை இறக்கும்போது கயிறு ஒரு பக்கமாக நழுவியது. பச்சைப் பெயிண்ட் அடித்த அந்தப் பெரிய இரும்புப் பெட்டி, பலகையின் மேல் சாய்ந்தபடி ஒரு நொடி யோசித்தது. கம்பெனி வாசலில் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். விழுந்துவிடக் கூடாதே என்று முதலாளி பீமாராவ் வேண்டினார். விழுந்து தொலையாதா என்று ராதாமணி வேண்டினாள்.

பீமாராவின் வேண்டுதல் பலித்தது.

பெட்டி பத்திரமாகத் தரையில் உட்கார்ந்தது. அவரே சூடம் ஏற்றினார், பூசணிக்காய் உடைத்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்த கேசரியை வாழை இலைத் துண்டுகளில் வைத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். இனி வியாழக்கிழமையும் கம்பெனி ஓடும் என்று அறிவித்தார். இந்த வியாழனிலிருந்தே. யாரும் எதுவும் பேசவில்லை. வாயில்தான் கேசரி இருந்ததே.

கப்பலூர் தொழிற்பேட்டையில் குக்கருக்குப் போடும் ரப்பர் வளையம் செய்கிற சின்னக் கம்பெனி அது. சின்னக்கருப்பனும் மற்ற ஆண்களும் சூடான அச்சில் ரப்பரை வைத்து அழுத்தி எடுப்பார்கள். ராதாமணி, மலையம்மாள் போன்ற பெண்கள் வளையத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தரியால் வெட்டுவார்கள். ஊரெல்லாம் மின்சாரப் பற்றாக்குறை என்று ஆனபோது தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்ட் கிடையாது என்றார்கள். இவர்கள் பக்கத்துக்கு வியாழக்கிழமை விழுந்தது. ஓடாத நாளுக்குச் சம்பளம் எப்படித் தருவது என்று பீமாராவ் கையை விரித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றவள் ராதாமணிதான்.

"ஆறு நாள் சரக்க அஞ்சு நாள்ல குடுத்துட்டா, சம்பளத்தப் பிடிக்க மாட்டீகள்ல?"

முடியாது என்ற நம்பிக்கையில்தான் அவர் சரி என்றார்.

முதல் வாரம் முடியவில்லைதான். பிறகு ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் அச்சு ஆறிப்போகும், திரும்பச் சூடேறும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். ஆண்கள் ஆள் மாற்றி ஆள் சாப்பிட ஆரம்பித்தார்கள். டீ நின்றபடி குடிக்கிற பண்டமானது. முந்தின நாள் டி.வி. சீரியலில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற பேச்சு பஸ்ஸிலேயே முடிந்துபோனது. அன்றைக்கு வந்த வளையத்தைப் பெண்கள் அன்றைக்கே வெட்டி முடித்தார்கள். மேஜையில் மிச்சம் இருந்தால், கத்தரிக்குக் கரண்ட் எதற்கு என்று வியாழனன்று பெண்களை மட்டும் கூப்பிட்டுவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளில், அஞ்சு நாளிலேயே ஆறு நாள் சரக்கு தயாரானது. அதைவிட ஆச்சரியம், கழித்துப் போடும் வளையம் குறைந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கை அவ்வளவு லேசாக இருந்தது.

அந்த வியாழக்கிழமைகளில் சின்னக்கருப்பன் நிலையூர்ப் பக்கம் அண்ணனோடு சேர்ந்து குத்தகைக்குப் பிடித்த நிலத்தில் வெண்டை போட்டான். மலையம்மாள் செக்கானூரணியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனாள். ராதாமணி எங்கே போனாள்?

வழக்கம்போல வேலைக்குத்தான் போனாள். அப்படித்தான் கோச்சடையில் அவள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வியாழனுக்கு முந்தின சாயங்காலம், நாளைக்கு லீவு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் அரிசிச் சாக்கைக் காட்டி, இதைப் புடைக்கக்கூட இந்த வீட்டில் ஒரு நாள் கிடைக்கவில்லை என்றார். கொழுந்தனின் மனைவி தைக்க வேண்டிய துணிகளைக் குவித்து வைத்திருந்தாள். ராதாமணியின் பெண் குழந்தைகள் இருவருக்கும் தலையில் பேன். ராதாமணி எடுத்த வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் டிபன் டப்பாவோடு கிளம்பி, காளவாசலில் தேனி ரோட்டு பஸ் ஏறி, நாகமலை புதுக்கோட்டையில் இறங்கினாள். போனில் கேட்டுக்கொண்டபடி மலையம்மாள் அங்கே தன் வீட்டுச் சாவியைக் கூரை ஓட்டின் இடுக்கில் செருகி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டு, பாயை விரித்து ராதாமணி தூங்கினாள்.

வேறு ஒன்றும் இல்லை. தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவள் தலை சாய்த்ததில்லை. யாரும் கூப்பிட முடியாத இடத்தில், அடுப்பில் எதுவும் பொங்காத வீட்டில், கனவுகூட இல்லாத தூக்கம். மத்தியானம் எழுந்து டப்பாவைத் திறந்து, சோற்றை மெதுவாக, ருசி தெரியச் சாப்பிட்டாள். கன்னத்தில் பதிந்த பாய்க்கோடு மறைகிறவரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நாகமலையைப் பார்த்தாள். பிறகு களைத்த முகத்தோடு வீட்டுக்குப் போனாள். அந்த முகத்தைத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டு வரவழைக்க வேண்டியிருந்தது.

ஜெனரேட்டர் பூஜை முடிந்ததும் எல்லோருடைய கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. "அன்னைக்குப் பேசினவ நீதான, போய்க் கேளுத்தா" என்று மலையம்மாள் தள்ளினாள். ராதாமணி ஆபீஸ் அறைக்குள் போனாள். ஆபீஸ் என்பது ஒரு மேஜை, ஒரு காலண்டர், ஒரு டெலிபோன்.

சரக்கு குறையவில்லை, கழிவும் முன்னைக்கு இப்போது குறைவு, அப்புறம் எதற்கு டீசலைக் கொட்டி இந்த ஒரு நாளை ஓட்ட வேண்டும் என்று அவள் கேட்டாள். கேசரி வாயில் இருக்கும்போதே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த கேள்வி. பீமாராவ் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. வளையம் வாங்கும் பார்ட்டிகளின் கடைப்படியில்தான் கழியும்.

"நீங்க சொல்லித்தான் எனக்கே புரிஞ்சுச்சு. அஞ்சு நாள்ல இம்புட்டுப் போட முடியும்னா, ஆறு நாள்ல எம்புட்டுப் போடலாம்? அந்தக் கணக்கப் போட்டுத்தான் இதையே வாங்கினேன்."

அந்த இரும்புப் பெட்டியை வாங்கியது அவர் இல்லை. ஆள் மாற்றிச் சாப்பிட்டும், நின்றபடி டீ குடித்தும், பேச்சை விட்டும் அதை வாங்கித் தந்தது இவர்கள். ஆனாலும் அவள் விடவில்லை. அந்த ஒரு நாள் ஓய்வு இருப்பதால்தான் மற்ற அஞ்சு நாளும் கை ஓடுகிறது, அதைப் பிடுங்கினால் இதுவும் போய்விடும் என்றாள். எல்லோருமாகச் சேர்ந்து கேட்போம் என்றாள்.

பீமாராவ் எழுந்து கதவை லேசாகச் சாத்தினார். திரும்பி உட்கார்ந்தபோது தமிழை விட்டுவிட்டுச் சௌராஷ்டிரத்துக்கு மாறியிருந்தார். இருவருக்கும் அதுதான் வீட்டுப் பேச்சு. கம்பெனியில் அவர் அவளிடம் அதில் பேசியதே இல்லை.

"போன முகூர்த்தத்துல உன் வீட்டுக்காரர் ஜனகராஜைப் பாத்தேன் தங்கச்சி. 'கரண்ட் இல்லாத வியாழக்கிழமைகூட அவளுக்கு லீவு விட மாட்டேங்கறீங்களே'ன்னு குறைப்பட்டுக்கிட்டார். நான் ஒண்ணும் சொல்லல. சிரிச்சு வச்சேன்."

ராதாமணி காலண்டரைப் பார்த்தாள்.

"நீ எங்க போறேன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். நீ இந்த ஜெனரேட்டர் பேச்ச விட்டுரு. நானும் விட்டுடறேன்."

"தூங்கப் போறேன்ணா," என்றாள் ராதாமணி. "மலையம்மா வீட்டுல. தூங்கிட்டு வந்துடுவேன்."

பீமாராவ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சொல்ல இஷ்டமில்லை என்றால் விடு என்று மேஜையில் இருந்த பில்களை அடுக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்தவளைச் சுற்றிக்கொண்டார்கள். கேட்டேன், ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னாள். சின்னக்கருப்பனுக்கு ஒரு யோசனை இருந்தது. பழையபடி மெதுவாகப் போடுவோம் என்றான். ஆறு நாளைக்கும் சேர்த்து அதே சரக்குதான் வருகிறது என்றால் டீசல் காசு அவரைத்தானே சுடும்? எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை மேஜையில் உட்கார்ந்தபோது ராதாமணி கத்தரியை வேண்டுமென்றே மெதுவாக எடுத்தாள். முதல் வளையத்தை ஒரு குழந்தைக்கு நகம் வெட்டுவது போல வெட்டினாள். மூன்றாவதிலோ நான்காவதிலோ நினைப்பு எங்கோ போனது, கை தன் பாட்டுக்கு ஓடியது. இழுத்துப் பிடித்தாள். திரும்ப ஓடியது. எதிரே மலையம்மாளுக்கும் அதே கதி. ஏதாவது பேசினால் வேகம் குறையும் என்று பேசிப் பார்த்தார்கள். ரெண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அச்சில் ரப்பர் வெந்த வாசனை வந்ததும் சின்னக்கருப்பனின் கால் தானாக எழுந்து போனது. சாயங்காலம் மேஜை காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் வந்த பீமாராவ் மேஜையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"என்னடா மாப்ள, மெதுவாப் போடச் சொன்ன?" என்றாள் மலையம்மாள்.

"நீங்க மட்டும் என்னத்தைக் கிழிச்சீகளாம்?" என்றான் அவன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஜனகராஜ் விளக்குத்தூண் ஜவுளிக்கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே, பீமாராவ் கடைக்குப் போன் பண்ணினார் என்றான். ராதாமணி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஜெனரேட்டர் வாங்கிட்டாராமே. நல்லதாப் போச்சு. இனிமே வியாழக்கிழமை நீ இருட்டுல உக்காந்து வெட்ட வேண்டியதில்ல."

இத்தனை வாரமும் இவன் மனதில் அவள் இருட்டில் உட்கார்ந்து ரப்பர் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்காக இரக்கப்பட்டிருக்கிறான். இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. என்னவென்று? வாரத்தில் ஒரு நாள் அடுத்தவர் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கினேன் என்றா? கேட்கிறவன் காதில் எது தங்கும், தூக்கமா தாழ்ப்பாளா? வேறு என்ன சொன்னார் அவர் என்று கேட்டாள். வேறு ஒன்றும் இல்லை, உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார் என்றான். அவன் முகத்தில் எதுவும் இல்லை. எதுவும் இல்லாததுதான் பயமாக இருந்தது. உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். போனாள்.

வியாழக்கிழமை காலை பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறினாள். மலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செக்கானூரணிக்கு இந்த வாரம் வரவில்லை என்று மகளிடம் சொன்னதையும், அவள் போனை வைத்துவிட்டதையும் சொல்லிக்கொண்டே வந்தாள். திருநகரில் சின்னக்கருப்பன் பின்வாசலில் ஏறினான். சட்டையில் மண். விடிவதற்கு முன்னால் நிலத்துக்குப் போய்விட்டு வந்திருப்பான் போல. கண்டக்டர் வந்தபோது மலையம்மாள் கப்பலூர் என்றாள். ராதாமணி சில்லறையை நீட்டினாள்.

"திருமங்கலம் ஒண்ணு."

கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். மலையம்மாள்தான் திரும்பினாள். எங்க என்றாள் மெதுவாக. ராதாமணிக்கே தெரியாது. கப்பலூரைத் தாண்டி இருக்கும் திருமங்கலத்தில் அவளுக்கு யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடிகூடத் தூங்கலாம்.

"மொதலாளி உன் வீட்டுக்குப் போன் அடிச்சிருவாக, ராதா."

"அடிக்கட்டும்."

"உன் வீட்டுக்காரர் கேட்டா?"

"சொல்லிருவேன்."

"நம்புவாரா?"

ராதாமணி டிக்கெட்டைச் சுருட்டி வளையலுக்குள் செருகிக்கொண்டாள். முன் சீட்டில் இருந்த கம்பெனிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு சீட்டு சீட்டாகப் பின்னால் போவது அவளுக்குக் கேட்டது. ஜன்னலில் ரயில்வே கேட் போனது, மரக்கடை போனது, கம்பெனிகளின் தகரக் கூரைகள் வர ஆரம்பித்தன. கண்டக்டர் கப்பலூர் என்று குரல் கொடுத்தார். பஸ் ஓரம் கட்டி நின்றது.

வழக்கமாக இங்கே பஸ் பாதி காலியாகும். மலையம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் கம்பியைப் பிடித்தபடி வழியிலேயே நின்றாள். அவளைத் தாண்டி யாரும் போக முடியவில்லை. போக வேண்டும் என்று யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. பின்வாசலில் சின்னக்கருப்பனின் ஒரு கால் படியில் இருந்தது. அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் முழு நீளத்துக்கும் அந்தப் பக்கம், சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ராதாமணியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறங்குறீகளா, இல்லையாப்பா?" என்றார் கண்டக்டர். விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.