மாட்டி வைத்த கிராதி

மூன்று வாரத்துக்கு முன்பு சினிமா செட் தச்சனாகப் பின்வாசல் வழியே போய்வந்த பழைய மாளிகைக்குள், அன்று டிக்கெட் வாங்கி முன்வாசல் வழியே நுழைந்தேன். கச்சேரி. என் மகள் பள்ளிக் குழுவோடு மாடியில் நின்று பாடப்போகிறாள். மனைவி முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"இங்கயும் தூணத் தட்டிப் பாக்க ஆரம்பிச்சிடாதீங்க. மானம் போகும்."

நான் எதையும் தட்டவில்லை. அண்ணாந்து மட்டும்தான் பார்த்தேன். மாடி விளிம்பின் தடுப்புக் கிராதியில் செதுக்கிய பூக்களுக்கு ஆறு இதழ். அசல் கிராதியின் பூக்களுக்கு எட்டு இதழ். அவசரத்தில் ஆறோடு நிறுத்தியவன் நான்.

அன்று இங்கே எடுத்தது, வில்லன் கிராதியை உடைத்துக்கொண்டு விழும் காட்சி. அசலைக் கழற்றி வைத்துவிட்டு, தெர்மாகோலில் மரம்போலவே சாயமடித்து இரண்டு செய்தேன். ஒன்று உடைவதற்கு, இன்னொன்று ரீடேக்குக்கு. முதலாவது நொறுங்கியதும் இரண்டாவதை மாட்டினேன். டைரக்டர் ஒரே டேக்கில் திருப்தியாகி பேக்கப் சொல்லிவிட்டார். அசலை மாட்டுவது மற்றவர்கள் வேலை என்று நான் வண்டியேறிவிட்டேன். 'சாயாதே' என்று ஒட்டியிருந்த சிவப்புப் பட்டையையும், கேமராவில் தெரிகிறது என்று சொன்னதால், நானே கிழித்திருந்தேன். மாடி எப்போதும் பூட்டிக் கிடக்குமாம். பாட்டுக்காக அன்றுதான் திறந்தார்களாம்.

பிள்ளைகள் வரிசையாக மாடிக்கு வந்தார்கள். என் மகள் என்னைப் பார்த்துவிட்டாள். கையசைக்க எட்டி வந்தாள்.

"சாயாதடீ! பின்னால போ! எல்லாரும் பின்னால போங்க!"

கத்திக்கொண்டே படியேறினேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாவி மனுஷன், குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். மேலே மாளிகை மேலாளர் என்னை மறித்தார்.

"என்ன சார் கலாட்டா? இருநூறு வருஷத்து மரம் சார் இது. யானை சாஞ்சாலும் அசையாது."

சொல்லிக்கொண்டே கிராதியை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அது போய்விட்டது. பின்னாலேயே அவரும் போகப் பார்த்தார், சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். கீழே என் மனைவியின் காலடியில் அது விழுந்தது. பெரிதாகச் சத்தம்கூட இல்லை.

ஐயோ, பத்தொன்பது பிள்ளைகள்! மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தெய்வம் மாதிரி வந்தீங்க சார்."

கீழே கைதட்டினார்கள். மகள் ஓடிவந்து என் விரல்களைப் பற்றிக்கொண்டாள். முகமெல்லாம் பெருமை.

"எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நான் செஞ்சதும்மா அது. நான்தான் மாட்டினேன். கழட்டாம விட்டுட்டுப் போனதும் நான்தான்."

அவள் வெறுமையாகிவிட்ட அந்த விளிம்பைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, டீச்சர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.