பின்சீட்டில் ஒரு எடை

பெனடிக்டின் காரில், பின்சீட்டின் இடது பக்கம் ஒரு எடை உட்கார்ந்திருந்தது. ஆள் கிடையாது, எடை மட்டும். வண்டியைப் பழையதாக வாங்கியபோதே அது உள்ளே இருந்தது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. "பின்னால ஒருத்தர் இருப்பார், தொந்தரவு கிடையாது" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். தூத்துக்குடியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இப்படித்தான்.

பெனடிக்ட் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை பார்த்தான். லாரி இருக்கவேண்டியதைவிடக் கனமாக இருந்தால் டிரைவரை இறங்கச் சொல்வான். டிரைவர் இறங்கிய பிறகும் கனம் குறையாவிட்டால் டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். எதையும் நம்பாமல் இருப்பது அவனுக்கு வேலையோடு வந்த பழக்கம். மெக்கானிக்குகளையும் அவன் நம்பியதில்லை. அதனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் காரின் பின்பக்கம் தொட்டில் மாதிரி ஆடத் தொடங்கியதும், பிரேக்கை மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்ததும், எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே தானே மாற்றிவிடுவதென்று முடிவு செய்தான். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், பிரேக் ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் புதிதாக வாங்கி வந்தான். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, மேலே எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்தான். பின்சக்கரத்து நட்டுகளைத் தளர்த்தினான். ஜாக்கி வைக்கும் முன் எடையை இறக்க வேண்டும். இந்த மாதிரிப் பேச்செல்லாம் அவன் மனைவி சலேத் மேரியின் பொறுப்பு. அவள் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இறங்கிக்கிடுங்க. வேலை முடிஞ்சதும் ஏறிக்கிடலாம்."

வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். சற்றுநேரத்தில் அதன் கால்கள் லேசாக அகன்றன. வெயில் படுகிறதே என்று நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள். அசையவில்லை. துண்டு ஒன்றை அதன் முதுகில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பெனடிக்ட் இடது பக்க ஷாக் அப்சார்பரைக் கழற்றினான். எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. அமுக்கியதும் உள்ளே போய் அப்படியே கிடந்தது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு வலது பக்கத்தைக் கழற்றினான். அதுவும் கசிந்திருந்தது, அமுக்கினால் அதுவும் அப்படியே கிடந்தது.

வலது பக்கம் உட்கார ஆள் கிடையாது.

இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். தேய்மானத்தில் வித்தியாசமே இல்லை. வேலை நாட்களில் காரை எடுத்துப் போவது சலேத் மேரி. பழையகாயல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் தையல் டீச்சர். போவதும் வருவதும் உப்பளங்களுக்கு நடுவே. அவன் எழுந்துபோய் உள்ளிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்தான். முதல் நாற்காலிக்குப் பக்கத்தில், ஏதோ தனக்காகப் போடுவதுபோலப் போட்டான். திரும்பி வந்து பிரேக் டிரம்மைக் கழற்றித் துடைத்தபடி கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது நாற்காலியின் கால்களும் மெதுவாக அகன்றன.

ஆணி தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்த பிரேக் ஷூக்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினான். பிரேக் எண்ணெய் வந்து சேரும் வீல் சிலிண்டரையும் மாற்றினான். இனி பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். சலேத் மேரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் பின்சக்கரத்துப் பக்கம் தரையில் படுத்துக்கொண்டான்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடிச்சுக்க." அவன் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தான். குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் குமிழிகள் வந்தன. மூடினான். "விடு. வலது பக்கம் யாரு?"

"எந்த வலது பக்கம்?"

"நாற்காலியைப் பாரு. மிதி."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு மிதித்தாள்.

"உப்பளத்து ரோட்டுல நின்னுது. நல்ல மழை. அங்கன ஒதுங்க ஒரு கூரை கிடையாது. தேங்கின தண்ணியில ஒரு இடம் மட்டும் அமுங்கிக் கிடந்துது. நிறுத்திக் கதவைத் திறந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கதவை மூடினேன்."

"இறக்கி விடலியா?"

"எங்க போகணும்னு அது சொல்லலியே."

குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. "ஆம்பளையா பொம்பளையா?"

"ஒரு எடைகிட்டப் போய் அதை எப்படிங்க கேக்க?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பெடல் மேலே வரவில்லை. அவள் மிதித்த காலை எடுக்காமலேயே பேசினாள். "சொன்னா எவ்வளவு இருக்கும்னு கேப்பீங்க. மேடையில ஏத்திப் பாப்பீங்க. மழையில எவ்வளவு நேரம் நின்னுச்சோன்னு உங்களுக்குக் கேக்கத் தோணாது."

தரையில் கிடந்தவனுக்கு, முன்கதவுக்குக் கீழே அவள் கழற்றிப்போட்ட செருப்பு மட்டும் தெரிந்தது.

"சரி, நான் ஒண்ணு கேக்குதேன்," என்றாள். "நான் பிரேக்கை மிதிக்கிறதே அபூர்வம். ஷூ எப்படி ஆணிவரைக்கும் தேய்ஞ்சுது?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. லீவு நாட்களில் வண்டி ஓட்டுவது அவன்தான். பின்னால் ஒரே வண்டி கொஞ்ச தூரம் தொடர்ந்து வந்தால் மிதித்து அதை முன்னால் விட்டுவிடுவான். முன்னால் போன வண்டி மெதுவாகப் போனால் அதுவும் சரியாகப் படாது, மறுபடி மிதிப்பான்.

"பின்னால வர்றவனைப் போக விடுவேன்," என்றான்.

"உங்க பின்னால யாரு வரப்போறா?"

"தெரியல. அதுக்குத்தான்."

"என்னையும் அப்படித்தான் பாக்குதீங்களா?"

அவன் நிப்பிளை இறுக்கினான். தேவைக்கு மேலேயே இறுக்கினான். அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். பிறகு, "குமிழி நின்னுட்டா?" என்று கேட்டாள்.

"நின்னுட்டு."

புது ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, காரை இறக்கினான். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிகளின் முன்னால் போய் நின்றான். நம்முடையது மட்டும் ஏறட்டும் என்று சொல்வதாகத்தான் மனதுக்குள் ஏற்பாடு. ஆனால் எது நம்முடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூட வந்ததை வேறொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல ஒரு அடையாளம்கூட அவனிடம் இல்லை. துண்டு போட்ட நாற்காலியைப் பார்த்தான். அவை இடம் மாறி உட்கார்ந்திருக்கவும் கூடும்.

"வெயில் ஏறுது. ஏறுங்க," என்றான்.

"ரெண்டு பேருமா?" என்றாள் சலேத் மேரி.

"இங்கன உக்காந்து என்ன செய்ய?"

அவள் இரண்டு கதவுகளையும் திறந்தாள். நாற்காலிகளின் கால்கள் ஒவ்வொன்றாக நேராயின. பெனடிக்ட் காரின் பின்பக்கத்தை இடது மூலையில் அழுத்திப் பார்த்தான். ஒருமுறை இறங்கி, ஒருமுறை ஏறி, நின்றுவிட்டது. வலது மூலையும் அதே மாதிரி. உள்ளே யாராவது இருக்கிறார்களா, வண்டி காலியா என்று சொல்லவே முடியவில்லை. இரண்டு பேரோடு மூன்றாவது ஒன்றும் ஏறியிருக்கலாம். அவன் காசு கொடுத்து வாங்கிப் பூட்டிய சாமான்கள் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். வேகத்தடையில் கார் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. அவன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். வழக்கம்போல வெறுமையாக இருந்தது. திரும்பினால் சலேத் மேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி யாரு ஏறினாலும் தெரியாது," என்றான்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

சாலையின் குறுக்கே ஒரு ஆடு வந்தது. பெனடிக்ட் பிரேக்கை மிதித்தான். கார் உடனே நின்றது. கடலும் நின்றது. கரைக்கு வந்துகொண்டிருந்த அலை பாதி மடிந்த நிலையில் அப்படியே இருந்தது. தண்ணீரில் வலையோடு நின்றிருந்த ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஆடு நிதானமாகக் கடந்து போனது.

"நல்லாப் பிடிக்குது," என்றாள் சலேத் மேரி.

"கொஞ்சம் டைட்டா இருக்கு, ஓட ஓடச் சரியாயிடும்," என்று சொல்லிக் காலை எடுத்தான். அலை விழுந்தது.