சாக்ஸ் பொம்மை பேசிய பேரம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், சனிக்கிழமை மூன்று மணிக்குப் பத்துப் பெண்கள் கூடுவார்கள். அடித்த புருஷன்களை விட்டு வெளியே வந்தவர்கள். களிமண் பிசைவார்கள், படம் வரைவார்கள். பேசியே ஆகவேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கீழே யாராவது பல்வலியில் அலறினால், "டாக்டர் கைய நீட்டிட்டாரு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வருவதற்கே இரண்டு மாதம் பிடித்தது.

மாளவிகா வந்து சேர்ந்து ஐந்து வாரம். சேலையூரில் லிஃப்ட் வைத்த ஃபிளாட்டில் இருந்தவள், இப்போது பொழிச்சலூரில் ஒற்றை அறை. வகுப்பு நடத்தும் ஜெரூஷா "என்ன கலர் வேணும்?" என்று கேட்டால், "எது மிச்சமோ அது" என்பாள். எப்போதும் மிஞ்சுவது பழுப்புதான். அதனால் அவள் பழுப்பு மரம், பழுப்பு மயில், பழுப்புக் கடல் எல்லாம் வரைந்திருந்தாள்.

அன்று ஐந்து மணிக்கு அவளுடைய பெரியப்பா ஸ்ரீரங்கன் வருவதாக இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அவள் கல்யாணத்தை முடித்து வைத்தவர். கணவன் ஷ்யாம்சுந்தரோடு அவளை மறுபடி சேர்த்து வைக்க வருகிறார். அறையின் முகவரி தெரிந்தால் அது நேரே ஷ்யாமுக்குப் போய்விடும் என்பதால், வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, இங்கே வரச் சொல்லியிருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை வந்து பேசினார். இரண்டு முறையும் "சரி பெரியப்பா" என்று பின்னாலேயே போனாள். இரண்டாவது முறை போனதிலிருந்து இடது மணிக்கட்டு முழுதாக மடங்குவதில்லை.

அன்றைய வேலை, பழைய சாக்ஸில் கைப்பொம்மை. பட்டனில் கண், கம்பளி நூலில் முடி. "பொம்மைதான் பேசணும். நீங்க பேசக் கூடாது," என்றாள் ஜெரூஷா.

மாளவிகாவுக்கு ஜோடி கங்கையம்மாள். மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் காய்கறிக் கடை. தன் பொம்மைக்குக் கண்ணைவிட வாயைப் பெரிதாகத் தைத்திருந்தாள்.

"நீ கீரைக்காரி. நான் வாங்க வர்றேன்," என்று பொம்மையை நீட்டினாள். "கட்டு இன்னா வெல?"

"இருபது ரூபா," என்றது மாளவிகாவின் பொம்மை.

"ஐயே, வாடிப் போய்க்கீது. அஞ்சு ரூபாக்கு குடு."

"சரி."

"அஞ்சு ரூபாக்கு ரெண்டு கட்டு."

"சரி."

"கொத்தமல்லி, கறிவேப்பில?"

"எடுத்துக்கோங்க. பை வேணுமா?"

கங்கையம்மாள் பொம்மையை மடியில் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள். "உன்ன கடையில குந்த வெச்சா தராசையும் சேத்துக் குடுத்தனுப்புவ போலக்கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். மாளவிகாவும்தான்.

"சரி, வேற ஆட்டம். இப்ப நான் உன் பெரியப்பா." பெரிய வாய் குழைந்தது. "வந்துடு கண்ணு. அவன் இனிமே கை நீட்ட மாட்டானாம்."

மாளவிகாவின் பொம்மை சற்று யோசித்தது. "நிஜமா மாட்டாரா? எழுதிக் குடுப்பாரா?"

"தோ, மாட்டிக்கின."

"நான் சரின்னு சொல்லவே இல்லையேக்கா?"

"ரேட்டு கேட்டியே! வாங்கற நெனப்பு இல்லாதவ ரேட்டு கேப்பாளா? நீ கேட்டுட்ட, இனிமே அவரு கொறச்சிக்கினே வருவாரு. உனக்கும் லாபமாத்தான் தெரியும்."

கங்கையம்மாளின் பொம்மை அவள் மடிக்கு இறங்கியது. பிறகு வாயை அசைக்காமலே பேசியது.

"நான் மூணு தபா திரும்பிப் போனேன் கண்ணு. மொதல்ல, அடிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேன். அடுத்த தபா, புள்ளைங்க எதிர்ல அடிக்காதன்னேன். கடைசியா, மூஞ்சில மட்டும் வேணாம், கடைக்குப் போவணும்னு கேட்டுக்கினேன். மார்க்கெட்ல என்கிட்ட பேரம் பேச லோடு லாரிக்காரனே பயப்படுவான். வூட்ல நான் பேசின பேரம் இது."

மாளவிகாவின் பொம்மை நகர்ந்து போய் அந்தப் பெரிய வாயின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"அப்ப நான் என்னக்கா சொல்றது?"

"வேணாம்னா வேணாம். ஏன்னு சொல்லாத. நீ ஒரு காரணம் சொன்னா, அதுக்கு அவுங்க ஒரு வழி வெச்சிருப்பாங்க."

ஐந்து மணிக்கு ஸ்ரீரங்கன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். வெளி வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மாளவிகா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். திறந்திருந்த கதவுக்கு உள்ளே, கங்கையம்மாள் காலியான பசை டப்பாவை வெகு அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இளைச்சுட்டியேடி," என்றார் பெரியப்பா. "அவன் ரொம்ப மாறிட்டான். அழறான். இனிமே விரல்கூடப் படாதுங்கறான்."

மாளவிகாவுக்கு நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. விழுங்கினாள். "நான் வரலை பெரியப்பா."

"மாமியார்தான் பிரச்சினையா? அவா பெங்களூர் போயிடறாளாம்."

"வரலை."

"பெருங்களத்தூர்ல தனி வீடு பாத்துண்டிருக்கான். உன் பேர்லயே அக்ரிமென்ட் போடறேங்கறான். நீ வேலைக்குப் போகலாம். இதுக்கு மேல ஒரு பொண்ணுக்கு என்னடி வேணும்?"

ஒவ்வொன்றும் போன தடவை சொன்னதைவிட நல்லதாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள்.

"எனக்கு வேண்டாம் பெரியப்பா. வரலை."

"ஏன்னாவது சொல்லேன். நான் அவன்கிட்ட என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

"அவ வரலையாம்னு சொல்லுங்கோ."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கோபம் இருக்கும், அழுகை இருக்கும், அவற்றைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று வந்தவர். இரண்டும் இல்லாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிப்ஸ் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். வைக்கும்போது அந்த மணிக்கட்டு கண்ணில் பட்டது. முதல் தடவையாக அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாகப் படியிறங்கினார். நடுப்படியில் நின்று ஏதோ கேட்டார். அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். அவர் போய்விட்டார்.

சிப்ஸ் பொட்டலத்தோடு அவள் மேல்படியில் உட்கார்ந்தாள். கங்கையம்மாள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"கெய்வன் படியில நின்னு இன்னா கேட்டாரு?"

"எங்க தங்கியிருக்கேன்னு, அட்ரஸ்."

"குடுத்தியா?"

"இல்லக்கா. மாட்டேன்னுட்டேன்."

"யம்மா! ஒரே சாயங்காலத்துல ரெண்டு தபா வேணாம்னுட்டியா!" என்றாள் கங்கையம்மாள். பிறகு, பசை ஒட்டிய கையென்றும் பாராமல், விம்ம ஆரம்பித்த அந்தத் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழு, அழு. நான் கீறேன்."