தலைப்பு மட்டும்

வெர்னா ஸ்டோல்ட்ஸின் தம்பி டேல், சட்டைப்பையில் போதை மாத்திரை வைத்திருந்ததற்காக இருபத்திரண்டு வருடம் உள்ளே போனான். ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்து மாவட்டத்தில், அதே குற்றத்துக்கு இன்னொருவனுக்கு மூன்றே வருடம். எந்தக் கரையில் பிடிபடுகிறோம் என்பதுதான் அந்த மாநிலத்தில் தண்டனை விதி. அதை மாற்றாமல் விடுவதில்லை என்றுதான் வெர்னா தேர்தலில் நின்று சட்டசபைக்கு வந்தாள்.

தண்டனை விதிகளை மறுஆய்வு செய்ய ஒரு கமிஷன் வேண்டும் என்று இரண்டு முறை மசோதா கொண்டுவந்தாள். இரண்டு முறையும் சட்டக் குழுத் தலைவர் ஹார்லன் ப்ரூயிட் அதை மேசை டிராயரில் போட்டுத் தூங்கவைத்தார். ப்ரூயிட் பெயரில் ஏற்கெனவே ஒரு பாலமும், ஒரு மீன்பிடி ஏரியும், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கழிப்பறையும் இருந்தன.

மூன்றாம் முறை வெர்னா பீச் பழக் கேக்கோடு போனாள்.

"சேர்மன் சார், கமிஷனுக்கு உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கேன்."

"அட, எனக்கெதுக்கும்மா அதெல்லாம்..." கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "முழுப் பேரா, சுருக்கமாவா?"

"முழுப் பேரு. உள்ளே பதினோராம் பிரிவையும் ஒருதரம் படிச்சிருங்க சார்."

"கமிஷன் என்னம்மா பண்ணிடப்போவுது? கூடும், காபி குடிக்கும், அறிக்கை எழுதும். தலைப்பு பாத்தேன், அம்சமா இருக்கு."

கூட்டத்தொடரின் கடைசி நாள். மேலவை தாண்டி வந்த மசோதா சபைக்கு வந்தது. வெளியே புல்தரையில் நிறைவு விருந்துக்குக் கறி சுடும் வாசனை. வெர்னா எழுந்தாள்.

"முழுசா படிக்கச் சொல்லணும். பின்னாடி யாரும் நான் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

"உக்காரும்மா, கறி தீயுது!" என்று பின்வரிசை கத்தியது.

ப்ரூயிட் எழுந்து தொண்டையைச் செருமினார். "இந்தச் சபையில தலைப்பு மட்டும்தான் படிப்போம். அது நம்ம மரபு!"

எழுத்தர் தலைப்பைப் படித்தார். ப்ரூயிட்டின் பெயர் முடிவதற்குள் ஒருமுறை மூச்சு வாங்கினார். மசோதா நிறைவேறியது.

கவர்னர் ஏழெட்டுப் பேனாக்களால் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ப்ரூயிட் தன் பேனாவைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டியபோது ஒரு நிருபர் கேட்டாள்:

"பதினோராம் பிரிவுப்படி, சபை ஓட்டுப் போட்டுத் தள்ளாட்டி, கமிஷன் சொல்றது தானாவே சட்டமாயிடுமாமே? ஏற்கெனவே ஜெயில்ல இருக்கறவங்களுக்கும் சேர்த்து? துணிச்சல்தான் சார்!"

பேனா அந்தரத்தில் நின்றது. சிரிப்பும் நின்றது.

"ஆ... ஆமா," என்றார் ப்ரூயிட். "ரொம்ப நாளா என் மனசுல இருந்த யோசனை."

கூட்டம் கலைந்ததும் வெர்னாவை ஓரம் கட்டினார். "அறிக்கை வரட்டும். சபையில தூக்கி எறிஞ்சு காட்டறேன்."

"தாராளமா எறிங்க சார்," என்றாள் வெர்னா. "குழுத் தலைவரா தீர்மானத்தை நீங்கதான் கொண்டுவரணும். 'ஹார்லன் எமெட் ப்ரூயிட் நீதிக் கமிஷனை நிராகரிக்கும் தீர்மானம்'னு எழுத்தர் தலைப்பைச் சத்தமா படிப்பாரு. அது மட்டும்தான் படிப்பாரு."

தன் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டாள். டேலைப் பார்க்கும் நேரம் நாலு மணியோடு முடிந்துவிடும். வண்டியை நோக்கி வேகமாக நடந்தாள்.